ஈறுகளைப் பார்க்காமல் கட்டிய பல்

போன பயணத்தில் திருச்சி தில்லைநகரில், தாடை எலும்பில் டைட்டானியம் என்ற உலோகத் திருகை இறக்கி அதன்மேல் கட்டிய இம்பிளான்ட் பல், இந்தப் பயணத்தில் அதே நாற்காலியில் மருத்துவர் விரல் வைத்ததும் ஆடியது. "உங்கள் உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை சார். இன்னும் கொஞ்சம் நீளமான ஸ்குரூ போட்டுவிடலாம், பாதிக் கட்டணம்தான்" என்றார் அந்த இளைஞர். எனக்கு வந்த கோபத்தில் மிச்சமிருந்த பற்களும் ஆடியிருக்கும். கொடுத்த பணம்? திரும்ப வராதாம். வேண்டுமானால் அந்தத் தொகைக்குப் பற்களை வெள்ளையாக்கிக்கொள்ளலாமாம்.

என் உடம்பின் மேல் ஏன் பழி? டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்று கண்ட ஸ்வீடன்காரர் பிரோனமார்க், 1965-லேயே ஒருவருக்கு இப்படிப் பல் பொருத்தினார். அந்த மனிதர் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், அது நின்றது.

எனக்குப் பல் போனது சொத்தையால் அல்ல. ஈறு நோய், நம் வீடுகளில் பயோரியா என்பார்களே, அது. தேய்த்தால் ரத்தம், பிறகு ஆட்டம். எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லியிருந்தேன். ஸ்கேன் எடுத்தார்கள், பேக்கேஜ் அட்டையை நீட்டினார்கள், மேலோட்டமாகச் சுத்தம் செய்தார்கள், லீவு முடிவதற்குள் வேலையை முடித்தார்கள். குளிர்சாதன அறை, மீன்தொட்டி, ஃபில்டர் காபி என்று உபசாரத்துக்குக் குறைவில்லை. நான் இருக்கும் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பல் மருத்துவமனைக்குப் போன் செய்தால் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை என்ற குரல்பதிவுதான் கேட்கும். அங்கிருந்து வருகிறவனுக்கு மீன்தொட்டியே போதும், மயங்கிவிட. பிறகு ஈறில் சீழ் வைத்தபோது, அங்கே ஒரு தனியார் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, வைத்தவரிடமே காட்டுங்கள் என்று கைகழுவியது தனிக் கதை.

அண்ணிதான் உறையூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். மாடிப்படி, மர பெஞ்ச், அட்டையில் எழுதிய டோக்கன், தலைக்கு மேல் முனகும் மின்விசிறி. இந்த ஊர் இன்னும் இருக்கிறதா என்று நெஞ்சு குளிர்ந்தது. அரை மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி எரிச்சலும் வந்தது.

அவர் ஸ்கேனைத் தொடவில்லை. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கினார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். "மூன்று, இரண்டு, மூன்று" என்று அவர் சொல்லச் சொல்ல உதவிப்பெண் கட்டங்களில் எழுதினாள். மூன்று வரை கவலையில்லையாம். கடைவாய்ப் பக்கம் போனதும் ஆறு, ஏழு, எட்டு. பரீட்சை மார்க் வாசிப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கம்பியை அதுவரை யாரும் என் வாயில் வைத்ததே இல்லை.

"சொந்தப் பல்லின் வேரில் ஈறின் நார்கள் குறுக்கே பதிந்து பிடித்திருக்கும். ஸ்குரூவில் அந்தப் பிடிப்பு கிடையாது, அதை ஒட்டி ஓடும், அவ்வளவுதான். கிருமி இறங்கினால் எலும்புக்குச் சீக்கிரம் போய்விடும். பக்கத்துப் பற்களில் இத்தனை ஆழத்தில் கிருமி இருக்கும்போது புதுப் பல்லை நட்டிருக்கிறார்கள்" என்றார். ஆடிய திருகைக் கழற்ற அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் மரத்துப்போகும் ஊசி போட்டு, வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேர்வரை காறையைச் சுரண்டினார். மூன்று மாதச் சர்க்கரை அளவைச் சொல்லும் ரத்தப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு எளிதில் ஆறாதாம். "இந்த முறை பல் கிடையாது" என்றார். பணம் தயார் என்று சொல்லிப் பார்த்தேன். லீவு என்றைக்கு முடிகிறது என்றுகூட அவர் கேட்கவில்லை! முதல் நாள் பார்த்ததற்கு வாங்கிய கட்டணம் லெஸ்டரில் ஒரு காபிக்குக் காணாது.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளந்து, கட்டத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஏழும் எட்டும் நான்குக்கு இறங்கி, ரத்தக்கசிவும் நின்றால் பிறகு பல் கட்டுவதைப் பற்றிப் பேசலாம். பல் கட்டிய பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை இதே அளவெடுப்பும் சுத்தமும் தொடர வேண்டும். லெஸ்டர் திரும்பியதும் ஒரு தனியார் கிளினிக்கில் கெஞ்சி நாள் வாங்கினேன். ஆறு இடத்திலும் அளப்பீர்களா என்று கேட்டேன். அதற்குத் தனிக் கட்டணம் என்றாள் வரவேற்பறைப் பெண்.