குவாண்டாஸ் கார்டா, வைஸ் கார்டா: வெளிநாட்டுச் செலவுக்கு எது?

ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம்மவர்கள் பலரிடம் குவாண்டாஸ் விமான நிறுவனத்தின் உறுப்பினர் எண் இருக்கும். அந்த உறுப்பினர் கணக்கோடு ஒரு மாஸ்டர்கார்டை இணைத்து, முன்கூட்டியே வெளிநாட்டுப் பணத்தை ஏற்றிக்கொண்டு போய்ச் செலவழிக்கலாம் என்பதுதான் குவாண்டாஸ் டிராவல் மணி. ஏற்றிய அன்றைய நாணய மாற்று விகிதம் உறுதி, செலவுக்கு டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளக்கூடிய பாயின்ட். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் இதில் லாபமா நஷ்டமா என்பது பணம் ஏற்றும் நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. பாயின்டை மட்டும் எண்ணுகிறவர்கள் கோட்டைவிடுவது அங்கேதான்.

இந்தக் கார்டு 2013 ஆகஸ்டில் குவாண்டாஸ் கேஷ் என்ற பெயரில் வந்தது. உறுப்பினர் அட்டையையே பணக் கார்டாக்கி அனுப்பினார்கள். வந்த நேரமும் தோதான நேரம். அந்த ஏப்ரலில் ஒரு ஆஸ்திரேலிய டாலர் ஒரு அமெரிக்க டாலருக்கு மேலே நின்றது. ஆகஸ்டில் 90 சென்ட் பக்கம் இறங்கிவிட்டது. இன்னும் இறங்குவதற்குள் விகிதத்தைப் பூட்டிவைப்போம் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. போட்டியாளரான வர்ஜின் ஆஸ்திரேலியாவும் தன் வெலாசிட்டி பாயின்ட் திட்ட உறுப்பினர்களுக்கு குளோபல் வாலட் என்று ஒரு விசா கார்டைக் கொடுத்தது. இருவருக்கும் முன்பே ஏர் நியூசிலாந்து ஒன்ஸ்மார்ட் என்ற கார்டை இறக்கியிருந்தது. வெலாசிட்டியின் கார்டு இன்று இல்லை. அதனால் இப்போது குவாண்டாஸ் கார்டை ஒப்பிட வேண்டியது இன்னொரு விமான நிறுவனத்தோடு இல்லை, பல நாணயங்களில் பணம் வைத்துச் செலவழிக்க உதவும், ஆனால் பாயின்டே தராத வைஸ் கார்டோடு.

முதலில் விகிதம். குவாண்டாஸ் கார்டில் அமெரிக்க டாலர் ஏற்றும்போது, சந்தையின் நடு விகிதத்தைவிட (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ளது) குறைவான ஒரு விகிதத்தைத்தான் காட்டுவார்கள். அந்த இடைவெளி கட்டணம் என்ற பெயரில் எங்கும் தெரியாது. உதாரணத்துக்கு, நடு விகிதம் 65 சென்ட், செயலி காட்டுவது 63 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். 3,000 ஆஸ்திரேலிய டாலரை ஏற்றினால் 1,950 அமெரிக்க டாலர் கிடைக்க வேண்டிய இடத்தில் 1,890 கிடைக்கும். 60 அமெரிக்க டாலர், அதாவது சுமார் 92 ஆஸ்திரேலிய டாலர், நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே போய்விட்டது. டெபிட் கார்டில் இருந்து ஏற்றினால் இன்னும் 0.5 சதவீதம், அதாவது 15 டாலர். வங்கிப் பரிமாற்றம் செய்தால் அது மிச்சம், ஆனால் ஓரிரு நாள் காத்திருக்க வேண்டும்.

வரவு என்ன? வெளிநாட்டு நாணயத்தில் செலவழிக்கும் ஒவ்வொரு ஆஸ்திரேலிய டாலர் மதிப்புக்கும் 1.5 பாயின்ட். 3,000 டாலருக்கு 4,500. ஒரு பாயின்டை நல்ல டிக்கெட்டுக்குப் பயன்படுத்தி ஒரு சென்ட் தேற்றினால் 45 டாலர். பரிசு அட்டை வாங்கினால் அதில் ஏறக்குறைய பாதிதான். 92 கொடுத்து 45 வாங்குகிறோம். வைஸ் நடு விகிதத்தையே கொடுத்துக் கட்டணத்தைத் தனியாகக் காட்டும். அமெரிக்க டாலருக்கு அது அரை சதவீதத்துக்குச் சற்று மேலே என்று வைத்தாலும் 3,000 டாலருக்கு 20 டாலருக்குள் முடிந்துவிடும்.

63 என்பது நான் போட்டுக்கொண்ட எண். உண்மையான எண்ணை நீங்களே பார்க்கலாம்: இரண்டு செயலிகளையும் அடுத்தடுத்துத் திறந்து, அதே தொகையைப் போட்டு, கையில் என்ன வருகிறது என்று பாருங்கள். இடைவெளி ஒன்றரை சதவீதத்துக்குள் இருந்தால் குவாண்டாஸுக்கு வாய்ப்புண்டு. அதற்கு மேலே போனால், ஒரு பாயின்டுக்கு ஒரு சென்ட் என்ற கணக்கில் ஈடுகட்டாது.

விகிதத்தைப் பூட்டுவது குவாண்டாஸுக்கு மட்டுமே உரிய வசதியும் இல்லை. வைஸில் பணத்தை இன்றே யூரோவாகவோ யென்னாகவோ மாற்றி வைத்துக்கொள்ளலாம். செலவழிக்கும்போது அதில் இருந்துதான் போகும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வைஸ் வங்கி இல்லை. வங்கி வைப்புகளுக்கு ஆஸ்திரேலிய அரசு தரும் 2,50,000 டாலர் உத்தரவாதம் அதில் உள்ள பணத்துக்குப் பொருந்தாது. பயணத்துக்குத் தேவையானதை மட்டும் போட்டு வையுங்கள்.

பாயின்டைப் பற்றி எனக்கு இன்னொரு கவலை உண்டு. அதன் மதிப்பை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சிட்னி–மெல்பர்ன் ஒருவழி எகானமி ரிவார்டு இருக்கைக்கு (பாயின்ட் கொடுத்து வாங்குவது) 8,000 பாயின்ட் போதுமாக இருந்தது. 2025 ஆகஸ்டில் அதை 9,200 ஆக்கினார்கள். இந்தக் கார்டை மட்டுமே நம்பினால் அந்த ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு வெளிநாட்டில் 6,100 டாலருக்கு மேல் செலவழிக்க வேண்டும். வரியும் கட்டணங்களும் தனி. 2020 ஏப்ரலில் வர்ஜின் ஆஸ்திரேலியா திவால் நிர்வாகத்துக்குப் போனபோது, வெலாசிட்டி பாயின்டைப் பயன்படுத்துவதையே சிறிது காலம் நிறுத்திவைத்தார்கள். 2001இல் அன்செட் என்ற ஆஸ்திரேலிய விமான நிறுவனம் விழுந்தபோது அதன் உறுப்பினர்கள் சேர்த்த பாயின்டெல்லாம் வெறும் எண்ணாகிப்போனது. இந்த வகையில் ஏர் நியூசிலாந்தின் முறை எனக்குப் பிடித்தது. அவர்களுடைய ஒரு ஏர்பாயின்ட்ஸ் டாலர் டிக்கெட் வாங்கும்போது ஒரு நியூசிலாந்து டாலருக்குச் சமம். என்ன சேர்ந்தது, என்ன பெறும் என்று குழந்தைக்கும் தெரியும்.

சரி, கடைக்கு வருவோம். பாங்காக்கில் 2,000 பாட் பில். உங்கள் குவாண்டாஸ் கார்டில் பாட் ஏற்றியிருக்கிறீர்கள். இயந்திரம் உங்கள் கார்டு ஆஸ்திரேலியாவுடையது என்று கண்டுபிடித்து, பாட்டா, ஆஸ்திரேலிய டாலரா என்று கேட்கும். பழகிய நாணயமாயிற்றே என்று டாலரைத் தொட்டால், கடைக்காரரின் வங்கி வைக்கும் விகிதத்தில் பில் போடப்பட்டு, டாலர் இருப்பில் இருந்து பணம் போகும். ஏற்றிவைத்த பாட் அப்படியே கிடக்கும். வைஸ் கார்டிலும் இதே கதைதான். எந்தக் கார்டாக இருந்தாலும் உள்ளூர் நாணயத்தையே தொடுங்கள்.

ஏடிஎம் இன்னொரு இடம். தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு 220 பாட்டோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வது வழக்கம். 5,000 பாட் எடுத்தால் 220 பாட்டே ஏறக்குறைய நாலரை சதவீதம். இதற்கு மேல் குவாண்டாஸ் தன் பங்குக்கு ஒவ்வொரு முறையும் கட்டணம் வாங்கும், பணம் எடுத்ததற்குப் பாயின்டும் இல்லை. வைஸில் மாதம் இரண்டு முறை, மொத்தம் 350 டாலர் வரை அவர்கள் பக்கக் கட்டணம் கிடையாது. அதைத் தாண்டினால் ஒவ்வொரு முறைக்கும் 1.50 டாலரும் கூடுதல் தொகைக்கு 1.75 சதவீதமும்.

நம்மில் பலருக்கு முக்கியமானது ஊருக்குப் போகும் பயணம். குவாண்டாஸ் கார்டில் ஏற்றக்கூடிய நாணயங்களில் இந்திய ரூபாயும் இல்லை, இலங்கை ரூபாயும் இல்லை. சென்னையிலோ கொழும்பிலோ தேய்த்தால் வேறு இருப்பில் இருந்து மாற்றித்தான் பணம் போகும். பூட்டிய விகிதம் என்ற ஒரே பெரிய வசதியும் அங்கே கிடையாது. அந்தப் பயணத்துக்கு வைஸ் கார்டோ, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் வாங்காத மக்குவாரி, அப் (Up) போன்ற வங்கிகளின் டெபிட் கார்டோ போதும். நகைக்கடை, ஜவுளிக்கடையில் கார்டு செல்லும். டீக்கடையிலும் ஆட்டோவிலும் க்யூஆர்தான். இந்திய வங்கியில் என்ஆர்ஓ கணக்கு (வெளிநாடு வாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) வைத்திருப்பவர்கள் ஆஸ்திரேலிய ஃபோன் எண்ணிலேயே யுபிஐ போட்டுக்கொள்ளலாம்.

அப்படியென்றால் குவாண்டாஸ் கார்டு யாருக்கு? ஏற்கெனவே நிறையப் பாயின்ட் சேர்த்து, பிசினஸ் வகுப்பு டிக்கெட்டுக்குச் சில ஆயிரம் மட்டுமே குறைவாக இருப்பவருக்கு ஆகும். அவர்களுக்கு ஒரு பாயின்டின் மதிப்பு ஒரு சென்டைத் தாண்டும். போனஸ் பாயின்ட் சலுகை வரும்போது, அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் போகிறவர்களுக்கும் ஆகும். மற்றவர்களுக்கு நான் வைஸைத்தான் சொல்வேன்.

எதை எடுத்தாலும் கூடவே ஒரு கிரெடிட் கார்டு இருக்கட்டும். ஹோட்டலும் வாடகைக் கார் நிறுவனமும் முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்து வைக்கும். பணம் ஏற்றிய கார்டைக் கொடுத்தால் உங்கள் சொந்தப் பணமே நாள்கணக்கில் முடங்கிக் கிடக்கும். கார் நிறுவனங்கள் பல அந்த வகைக் கார்டை வாங்குவதே இல்லை. பயணத்தின் கடைசி நாளில் குவாண்டாஸ் கார்டில் யென்னோ யூரோவோ மீதியிருந்தால், ஹோட்டல் பில்லில் அந்தத் தொகையை மட்டும் அதில் கட்டி, பாக்கியை வேறு கார்டில் கட்டுங்கள். ஊர் திரும்பி ஆஸ்திரேலிய டாலராக மாற்றினால் விகிதத்தில் இன்னொரு முறை இழக்க வேண்டியிருக்கும்.