15 கிராமா, 50 கிராமா, 300 கிராமா? சின்ன ஆர்சி விமானத்துக்கு எந்த செட் சரி

பிசான அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் பங்குனி, சித்திரையில்தான் எங்கள் பக்கம் ரிமோட்டில் ஓட்டும் ஆர்சி விமானம் விடத் தாராளமாக இடம் கிடைக்கும். பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் போதும். அறுத்த தாள்மேல் விழுந்தால் இறக்கைக்கும் அவ்வளவாகச் சேதம் வராது. போன வருஷம் அங்கேதான் என் அக்கா மகனின் முதல் விமானம் விழுந்தது. 70 செ.மீ. இறக்கை, தெர்மாகோல் ஷீட்டில் அவனே வெட்டி ஒட்டியது. கையை விட்டதும் மூக்கைத் தூக்கியது, ஒரு கணம் அப்படியே நின்றது, இடப்பக்கம் சரிந்து குத்தியது.

"மோட்டாருக்குப் பவர் பத்தலையோ மாமா?" என்றான்.

பவர் வேண்டிய மட்டும் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு சாமானாகக் குட்டித் தராசில் வைத்துப் பார்த்தோம். ஏ2212 மோட்டார் 50 கிராம். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி 25. வால் மடலை அசைக்கும் எஸ்ஜி90 சர்வோ இரண்டும் சேர்ந்து 18. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ஃப்ளைஸ்கை ஐஏ6பி ரிசீவர் 15. 3எஸ், அதாவது மூன்று செல் தொடராகச் சேர்த்த, 2200 எம்ஏஎச் பேட்டரி மட்டும் 180. எல்லாம் சேர்த்தால் 290 கிராம் பக்கம். அவன் வெட்டிய தெர்மாகோல் உடம்பு வெறும் 70 கிராம்!

முதன்முதலில் வாங்குகிறவர்களுக்கு இணையக் கடைகள் காட்டும் எலக்ட்ரானிக்ஸ் செட் பெரும்பாலும் இதுதான். செட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மீட்டருக்கு மேல் இறக்கை, 700 கிராம் எடை என்று கட்டினால் அருமையாக ஓடும். சின்ன விமானத்தில் வைக்கும்போதுதான் வினை. ஒரு இறக்கை மிதந்து நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு ஏறும். 130 கிராமில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் மிதக்கிற அதே இறக்கை, 360 கிராமில் 30 கி.மீ. வேகம் கேட்கும். கையால் எறிந்து அந்த வேகத்தைக் கொடுப்பது கஷ்டம். கொடுத்தாலும் புதிதாக ஓட்டுகிற பையன் திருப்புவதற்குள் வயல் முடிந்துவிடும்.

சரி, அப்படியென்றால் இருப்பதிலேயே லேசானதை வாங்கிவிடலாமே? நானும் அப்படி நினைத்து ஒரு வருஷம் 1எஸ் செட்டோடு திரிந்திருக்கிறேன். 8520 கோர்லெஸ் என்ற குட்டி பிரஷ் மோட்டார் 5 கிராம். ரிசீவர், மோட்டார் கன்ட்ரோல், இரண்டு லீனியர் சர்வோ எல்லாம் ஒரே பலகையில் இருக்கும் 'பிரிக்' 5 கிராம். 150 எம்ஏஎச் பேட்டரி 4, 5 கிராம். ஆக 15 கிராமில் வேலை முடிந்தது. மொத்த விமானமே 45 கிராம்தான். சுவரில் மோதினாலும் உடையாது, கல்யாண மண்டபத்துக்குள்ளேயே வட்டமடிக்கும். காலையில் ஆறிலிருந்து ஏழரை வரை காற்று அசையாத நேரத்தில் அதை விடுவதைப் போல ஒரு சுகம் வேறு எதிலும் இல்லை.

ஏழரைக்கு மேல்தான் தொல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் திறந்து கிடக்கும் ஊர் இது. பணகுடி, ராதாபுரம் பக்கமெல்லாம் காற்றாலை நிற்பதற்குக் காரணமும் அதுதான். ஆனி, ஆடியில் வீசுகிற காற்றில் 45 கிராம் விமானம் முழு திராட்டிலிலும் பின்னோக்கித்தான் போகும். லீனியர் சர்வோவின் உட்புறமும் திறந்தபடி இருக்கும். நம் செம்மண் தூசி அதன் கார்பன் பட்டையில் படிந்தால் வால் சும்மாவே துடிக்க ஆரம்பிக்கும். பிரஷ் மோட்டார் சில மணி நேர ஓட்டத்திலேயே தேய்ந்து வலுவிழக்கும். பிரிக்கில் ஒரு சர்வோ போனால் பலகை முழுவதையும் மாற்ற வேண்டும். இன்னொன்று, 1எஸ் பேட்டரியின் பிஎச்2.0 கனெக்டர். அந்த மெல்லிய முள் வழியாக அதிகக் கரண்ட் பாயும்போது அங்கேயே வோல்ட் இறங்கும். தொட்டுப் பார்த்தால் சுடும். வோல்ட் ரொம்ப இறங்கினால் ரிசீவர் ஒரு நொடி செத்துப் பிழைக்கும். அந்த ஒரு நொடி தரைக்குப் பக்கத்தில் வந்தால் கதை முடிந்தது. 1எஸ்ஸில் நிற்பதென்றால் பிடி2.0 கனெக்டர் போட்ட பேட்டரியாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 2எஸ் செட்தான் நம் ஊருக்குச் சரி என்பது என் முடிவு. 120 முதல் 150 கிராம் வரை எடை, 70 செ.மீ. பக்கம் இறக்கை. காலைக் காற்றையும் தாங்கும், சாயங்கால இளங்காற்றையும் தாங்கும். (ஆடிக்காற்றில் இதையும் வீட்டில்தான் வைக்க வேண்டும்.)

மோட்டாரில் போட்டி 1306-க்கும் 1806-க்கும். முதல் இரண்டு எண் ஸ்டேட்டரின் (மோட்டாருக்குள் கம்பி சுற்றிய, சுழலாத பகுதி) விட்டம், அடுத்த இரண்டு எண் உயரம், இரண்டும் மில்லிமீட்டரில். 1306 ஏறக்குறைய 11 கிராம், 1806 ஏறக்குறைய 18. கேவி என்பது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு. 3100 கேவி 1306-ஐ 2எஸ்ஸில் 5 அங்குல பிராப்போடு (புரொப்பெல்லர்) போட்டால் 130 கிராம் விமானத்தை நன்றாக ஏற்றிக்கொண்டு போகும். 150 கிராமைத் தாண்டும் என்று தெரிந்தால் 1806. 'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரிய மோட்டாரை வாங்கினால் அது பெரிய ஈஎஸ்சியைக் கேட்கும், ஈஎஸ்சி பெரிய பேட்டரியைக் கேட்கும், கடைசியில் 290 கிராமில் போய் நிற்போம்.

இந்த மோட்டாருக்கு 6 முதல் 10 ஆம்பியர் வரையிலான ஈஎஸ்சி போதும், எடை 6 கிராம் சொச்சம். 3எஸ்ஸைவிட 2எஸ் நல்லது என்பதற்கு இன்னொரு காரணம் இங்கேதான் இருக்கிறது. சின்ன ஈஎஸ்சிகளில் உள்ள லீனியர் பிஇசி, பேட்டரி வோல்ட்டை 5-க்கு இறக்கி ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கொடுக்கிறது. மிச்ச வோல்ட் முழுவதும் சூடாகத்தான் வெளியேறும். முழு சார்ஜில் 2எஸ் 8.4 வோல்ட், மிச்சம் 3.4. 3எஸ் 12.6 வோல்ட், மிச்சம் 7.6. அதே சர்வோவுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் சூடு! சித்திரை வெயிலில், காற்றுப் புகாத தெர்மாகோல் பெட்டிக்குள் அந்தச் சூடு போக இடமில்லை.

சர்வோவில் நான் யோசிக்காமல் 3.7 கிராம் சர்வோதான் சொல்வேன். எஸ்ஜி90-இன் பலம் இந்த அளவு விமானத்துக்குத் தேவையே இல்லை. குட்டி சர்வோவின் பல்சக்கரம் விழுந்தால் உடையும் என்பது உண்மை. எஸ்ஜி90-இலும் பிளாஸ்டிக் சக்கரம்தான், அதுவும் உடையும்.

ரிசீவரில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஐஏ6பி-யின் கூட்டைக் கழற்றிச் சில கிராம் குறைக்கலாம். கழற்றினாலும் 1எஸ்ஸில் அதை நம்ப முடியாது, அதற்குக் குறைந்தது 4 வோல்ட் வேண்டும். அதே ஃப்ளைஸ்கை ரிமோட்டோடு பேசும் 4 சேனல் மினி ரிசீவர் 2 கிராம் சொச்சத்தில் கிடைக்கிறது. தூரம் குறைவு என்பார்கள். 70 செ.மீ. இறக்கை 150 மீட்டரைத் தாண்டினால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே நம் கண்ணுக்குத் தெரியாது, அதற்கு மேல் எதற்குத் தூரம்? எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற இன்னொரு ரிமோட் முறையின் ரிசீவர் இதைவிட லேசு, தூரமும் அதிகம். ஆனால் ரிமோட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். அதன் நானோ ரிசீவர்கள் பலவும் சீரியல் சிக்னல் மட்டும்தான் கொடுக்கும், சர்வோவை நேராகச் சொருக முடியாது. விற்பனைப் பக்கத்தில் அதைச் சொல்லாத ஒரு கடையில் வாங்கி, திருப்பி அனுப்பவும் முடியாமல் போனது எனக்கு. பிடபிள்யூஎம் (சர்வோ நேராகப் புரிந்துகொள்ளும் சிக்னல்) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பேட்டரிக்கு 2எஸ் 300 எம்ஏஎச், 19 கிராம். எண்பது சதவீதம் மட்டும் செலவழித்து, சராசரி இரண்டரை ஆம்பியர் இழுத்தால் ஐந்தே முக்கால் நிமிடம். 450 எம்ஏஎச் போட்டால் இன்னும் மூன்று நிமிடம் கிடைக்கும், 10 கிராம் கூடும். 300-இல் மூன்று வாங்கி மாற்றி மாற்றி விடுவதே எனக்குப் பிடித்திருக்கிறது. பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த 18650 செல் வேண்டவே வேண்டாம். ஒரு செல்லே 45 கிராம், வேகமாகக் கரண்ட் கொடுக்கவும் வராது.

மோட்டார் 11, ஈஎஸ்சி 6, சர்வோ இரண்டும் ஏழரை, ரிசீவர் 2, பேட்டரி 19. மொத்தம் 46 கிராமுக்குள். வயரையும் சேர்த்தால் 50.

அந்த வயரை அப்படியே சுருட்டி உள்ளே அடைக்காதீர்கள். சர்வோ வயரைத் தேவையான நீளத்துக்கு வெட்டி நேராகச் சால்டர் செய்யலாம். மோட்டார் வைண்டிங் கடையில் மெல்லிய இனாமல் கம்பி கேட்டால் ஒரு சின்னச் சுருள் கொடுப்பார்கள். சர்வோ வயருக்குப் பதில் அதைப் போட்டால் இன்னும் ஒரு கிராம் போகும். முனையில் உள்ள இனாமலைப் பிளேடால் சுரண்டிவிட்டுத்தான் சால்டர் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டாது. எக்ஸ்டி60 கனெக்டர் ஜோடி மட்டும் 7 கிராம், ஒரு சர்வோ ஜோடியின் எடை அது! சின்ன ஜேஎஸ்டி கனெக்டர் போதும்.

வெயிலில் நிறுத்திப் பூட்டிய காருக்குள் விமானத்தை வைக்க வேண்டாம். எனக்கு ஒருமுறை ஹாட் குளூ இளகி மோட்டார் தாங்கி கையோடு வந்துவிட்டது, லைப்போ பேட்டரியும் உப்பியிருந்தது. பேட்டரியை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் என்ற அளவில் வீட்டில் நிழலான இடத்தில் வையுங்கள்.

எங்கே விடுவது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை. வணிக நோக்கம் இல்லாமல் ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் இடம் வேறு விஷயம். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம், வாகைக்குளம் விமான நிலையம் எல்லாம் நம்மைச் சுற்றித்தான் இருக்கின்றன. எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் புது இடத்தில் விடாதீர்கள்.

அக்கா மகனின் இரண்டாவது விமானம் தராசில் 126 காட்டியது. மோட்டார் லேசாகிவிட்டதால் மூக்கின் கனம் குறைந்து, பின்பக்கம் தாழ்ந்தது. மூக்கில் ஈயம் வைக்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லி, வால் பக்கம் இருந்த சர்வோக்களை இறக்கைக்குக் கீழே கொண்டுவந்தோம், பேட்டரியை இரண்டு விரற்கடை முன்னால் தள்ளினோம். அதே வயல், அதே வரப்பு. இந்தத் தடவை கையை விட்டதும் மூக்கு மேலே போகவில்லை, நேராகப் போனது. வரப்போரப் பனைகளுக்கு முன்னாலேயே அவன் திருப்பிவிட்டான்.