என்ஜின் மாற்றிய பழைய காருக்கு எந்த ரேடியேட்டர்: புதுக் கோர் போட்ட பித்தளையா, அலுமினியமா?

பழைய காரில் வலு கூடிய வேறொரு என்ஜினை இறக்குகிறவர்கள் மவுண்ட், கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் கவனத்தை ரேடியேட்டருக்குக் கொடுப்பதில்லை. எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்மம்) வழியாகத்தான் வெளியேற வேண்டியிருக்கிறது. ஆகவே என்ஜினின் வலு இரு மடங்கானால், முழு வேகத்தில் ரேடியேட்டர் தள்ள வேண்டிய வெப்பமும் ஏறக்குறைய அதே அளவில் கூடும். பழைய ரேடியேட்டர் அதைத் தாங்காது என்பது தெரிந்த பிறகு இரண்டு வழிகள் எஞ்சுகின்றன. ஒன்று, காரோடு வந்த செம்பு-பித்தளை ரேடியேட்டரின் தொட்டிகளை வைத்துக்கொண்டு கூடுதல் குழாய் வரிசைகள் கொண்ட புதிய கோர் (தொட்டிகளுக்கு இடையே உள்ள நடுப்பகுதி) போடுவது. மற்றொன்று, முழுவதும் அலுமினியத்தால் ஆன புதிய ரேடியேட்டரை வாங்கிப் பொருத்துவது. என் காருக்கு நான் முதல் வழியையே தேர்ந்தெடுத்தேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

எடையில் அலுமினியத்துக்கே வெற்றி. அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. தோற்றம் அவரவர் விருப்பம். பழைமை மாறாத முன்பக்கம் வேண்டுமென்பவருக்குக் கறுப்பு வண்ணம் பூசிய பித்தளையே பொருந்தும்.

குளிர்விக்கும் திறனைப் பற்றி மட்டும் ஒரு தவறான கருத்து பித்தளை அன்பர்களிடையே நிலவுகிறது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 400 வாட், அலுமினியத்துக்குச் சுமார் 237 வாட். எனவே செம்பே சிறந்தது என்பார்கள். ஆனால் செம்பாக இருப்பது ஃபின்கள், அதாவது குழாய்களுக்கு இடையே உள்ள மெல்லிய தகடுகள், மட்டுமே. குழாய்கள் பித்தளை, இரண்டையும் இணைப்பது ஈயப்பற்று. இவ்விரண்டும் செம்பைவிட வெகுவாகக் குறைந்த கடத்துதிறன் கொண்டவை. அதோடு பித்தளைக் குழாயை அகலமாகச் செய்தால் அழுத்தத்தில் உப்பிவிடும் என்பதால் பெரும்பாலும் 12 முதல் 16 மி.மீ. அகலத்திலேயே அமைக்கிறார்கள். அலுமினியக் குழாயை 25 மி.மீ. அகலத்துக்கும் அதற்கு மேலும் செய்ய முடிகிறது. இதனால் இரண்டே வரிசை கொண்ட அலுமினியக் கோர், நான்கு வரிசைப் பித்தளைக் கோரின் வேலையைச் செய்துவிடும். அதே பருமனில் அலுமினியமே கூடுதல் வெப்பத்தை வெளியேற்றும் என்பதை ஒப்புக்கொண்டே மேலே செல்கிறேன்.

பித்தளையைத் தேர்ந்தெடுப்பவர் நான்கு வரிசைக்குப் போகாமல் மூன்றில் நிற்பது நல்லது என்பது என் எண்ணம். கோர் தடிக்கத் தடிக்கக் காற்று உள்ளே நுழைவது கடினமாகும். பின் வரிசைகளுக்கு ஏற்கெனவே சூடான காற்றே போய்ச் சேரும். நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது இந்தக் குறை தெளிவாகத் தெரியும். என்ஜின் முன்னால் நகர்ந்து பழைய விசிறிக்கு இடமில்லாமல் போன கார்களில் மின்விசிறிதான் போட வேண்டியிருக்கும். அப்போது கோரின் முழுப் பரப்பையும் மூடும் ஷ்ரவுட் (விசிறியைச் சுற்றிய கூடு) இல்லாவிட்டால், விசிறியின் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதி மட்டுமே வேலை செய்யும். ஷ்ரவுட்டுக்குப் பிறகுதான் எந்த உலோகம் என்ற கேள்வியே எழுகிறது.

அடுத்தது ஹோஸ் வாய்கள். புதிய என்ஜினின் தண்ணீர் வாய்கள் பழைய ரேடியேட்டரின் வாய்களுக்கு நேராக அமைவது அரிது. பலரும் பழைய கார்களில் இறக்கும் ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ். வகை என்ஜின்களில், தண்ணீர் பம்பின் இரண்டு வாய்களும் ஒரே பக்கத்தில் இருப்பது வழக்கம். சிலிண்டர் ஹெட்டுகளில் தேங்கும் ஆவியும் காற்றும் வெளியேறத் தனியாக ஒரு சிறு குழாயையும் ரேடியேட்டரின் மேல்பகுதிக்கோ கூலன்ட் தொட்டிக்கோ கொண்டுவர வேண்டும். பித்தளைத் தொட்டியில் இந்த மாற்றங்கள் எளியவை. பழைய வாயைச் சூடாக்கி எடுத்துவிட்டு, அந்தத் துளையைப் பித்தளைத் தகட்டால் அடைத்து, வேண்டிய இடத்தில் வேண்டிய விட்டத்தில் புதிய வாயை வைத்து ஈயப்பற்று ஓடவிட்டால் போதும். கோணம் சற்றுத் தவறினாலும் மீண்டும் சூடாக்கித் திருப்பிக்கொள்ளலாம். அலுமினியத்தில் இதே வேலைக்கு டிக் (TIG) வெல்டிங்கும் மெல்லிய தகட்டில் பழகிய கையும் வேண்டும். அருகிலுள்ள குழாய் இணைப்புகள் அந்தச் சூட்டில் விட்டுப்போகும் ஆபத்தும் உண்டு. எல்லா அளவுகளையும் முன்கூட்டியே முடிவுசெய்து அதன்படி செய்து வாங்குபவருக்கு மட்டுமே இந்தத் தொல்லை இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவுமல்ல. அரிப்பு, அதிலும் குறிப்பாக மின்கசிவால் ஏற்படும் அரிப்பு. அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். கூலன்ட் வழியே மின்சாரம் பாயத் தொடங்கினால் அந்தப் படலம் ஆங்காங்கே உடைந்து, ஊசித் துளைகள் விழுகின்றன. குழாய் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருப்பதே பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் முதல் அடையாளம். பித்தளையும் இதனால் கெடும் என்றாலும் அவ்வளவு விரைவில் கெடாது. இதில் கவனிக்க வேண்டியது, என்ஜின் மாற்றிய கார்களில்தான் எர்த் கோளாறுகள் மிகுதி என்பது. புதிய என்ஜின் ரப்பர் மவுண்ட்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. என்ஜினுக்கும் பாடிக்கும் இடையே தடித்த எர்த் பட்டை இல்லாமலோ, வண்ணப்பூச்சின் மேலேயே முடுக்கப்பட்டோ இருந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தில் ஒரு பகுதி ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் இணைப்பு, கூலன்ட் எனக் கிடைத்த வழியில் எல்லாம் திரும்பும். கையால் இழுத்த வயரிங்கில் மின்விசிறியின் எர்த் கம்பியை ரேடியேட்டர் பிராக்கெட்டிலேயே முடுக்கிவிடுவதும் சாதாரணமாக நடக்கிறது. பாதி பழைய, பாதி புதிய வயரிங் கொண்ட காரில் எல்லா எர்த் இணைப்புகளும் ஆண்டுக்கணக்கில் குறையின்றி இருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் பிழை பொறுக்கும் உலோகத்தின் பக்கம் போனேன்.

கூலன்ட் வழியே மின்சாரம் பாய்கிறதா என்று சோதிப்பது எளிது. என்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட (DC) வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பாட்டரியின் நெகட்டிவில் தொட்டு, சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்டுக்குள் அமிழ்த்த வேண்டும். பிறகு விளக்குகள், மின்விசிறி, ஸ்டார்ட்டர் என ஒவ்வொன்றாக இயக்கச் சொல்லி எண்ணைப் பார்க்க வேண்டும். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் அலுமினியத்துக்குக் கவலைதான். 0.3 வோல்ட் எட்டினால் எந்த ரேடியேட்டராக இருந்தாலும் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். பாட்டரி இணைப்பைக் கழற்றி, சிவப்பு முனையை அப்படியே வைத்துக் கறுப்பு முனையை என்ஜின் பிளாக்கில் தொட்ட பின்னும் எண் குறையவில்லை என்றால் குற்றம் வயரிங்கில் இல்லை. கூலன்டின் அரிப்புத்தடுப்புச் சத்து தீர்ந்து அதுவே பாட்டரித் திராவகம்போல் நடந்துகொள்கிறது என்று பொருள்.

பித்தளைக்கும் அதற்கேயுரிய பராமரிப்புச் சுமை ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. இன்றைய என்ஜின்கள் பலவற்றுக்குப் பரிந்துரைக்கப்படும் ஓ.ஏ.டி. (OAT, கரிம அமிலச் சேர்மானம் கொண்ட) வகை நீடித்த கூலன்டுகளில் ஈயப்பற்றைக் காக்கும் சேர்மானங்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. அவற்றை ஊற்றினால் ஈயம் அரிபட்டு, அந்த வண்டல் குழாய்களை அடைக்கக்கூடும். சிலிக்கேட் கலந்த பழைய ஐ.ஏ.டி. (IAT, கனிமச் சேர்மானம் கொண்ட) வகையைத்தான் ஊற்ற வேண்டும். அதையும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன். அலுமினிய ஹெட் கொண்ட என் என்ஜினில் இதுவரை எந்தக் குறையும் தெரியவில்லை. எனினும் ஒரு காரின் அனுபவத்தைப் பொது விதியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூடியின் அழுத்தமும் பார்க்கப்பட வேண்டியதே. ஒரு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்ட் அழுத்தம்) கூடினால் கொதிநிலை சுமார் 1.6 டிகிரி செல்சியஸ் உயரும் என்பதால் புதிய என்ஜின்கள் 15 பி.எஸ்.ஐ. அளவை எதிர்பார்க்கின்றன. 4 அல்லது 7 பி.எஸ்.ஐ. மூடியோடு வந்த மிகப் பழைய தொட்டியில் அதை அப்படியே மாட்டினால் தொட்டியின் விளிம்பு பிளந்துகொள்ளும். கோர் மாற்றும்போதே விளிம்புகளைப் புதிதாகப் பற்றவைத்து, பக்கப் பட்டைகளை வலுப்படுத்தி, அழுத்தச் சோதனை செய்து வாங்க வேண்டும்.

பந்தயத் தளத்தில் தொடர்ந்து ஓட்டுவதற்கும், டர்போ பொருத்திய என்ஜினுக்கும் அலுமினியமே ஏற்றது என்று நினைக்கிறேன். அங்கே எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. அப்படி அலுமினியத்துக்குப் போகிறவர் ரேடியேட்டரை ரப்பர் புஷ்களின் மேல் உட்கார வைத்து, விசிறி உட்பட எதன் எர்த்தையும் அதில் இணைக்காமல், என்ஜினுக்கும் பாடிக்கும் இரண்டு இடங்களில் தடித்த எர்த் பட்டை கொடுத்து, குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் வாலைவடிநீரில் கலந்த கூலன்டையே ஊற்றி, ஒவ்வொரு சர்வீசிலும் அந்த மல்டிமீட்டர் சோதனையைச் செய்துவர வேண்டும்.