காங்கேயத்து உப்புத் தண்ணியும் மூன்று வருட ஸ்கேனரும்

தாராபுரத்தில் பல் கிளினிக் வைத்திருக்கும் என் காலேஜ் செட் நண்பன் போன வாரம் கூப்பிட்டான். "மாப்ள, ஸ்கேனர் விலை இறங்கிருச்சாமா. வாங்கட்டுமா, இல்ல புட்டியிலயே ஓட்டிக்கட்டுமா?" ஸ்கேனர் என்றால் வாய்க்குள் விட்டுப் பல்லைப் படம் பிடித்து அளவெடுக்கும் மெஷின். புட்டி என்றால் அதே அளவுக்காகப் பிசைந்து பல்லில் வைக்கும் மாவு. அவன் கேட்ட நேரம் சரியில்லை. ரிப்பேருக்குப் போன என் ஸ்கேனர் திரும்பி வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

ரிப்பேர் என்றுகூடச் சொல்ல முடியாது. படம் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. ஒரு கடவாய்ப் பல்லை எடுக்க நாலு தடவை சுற்ற வேண்டியிருந்தது. கேலிபிரேஷன் செய்தேன், சாஃப்ட்வேரை மறுபடி ஏற்றினேன், கம்பெனிக்காரனைத் திட்டினேன். பெட்டி கட்டி அனுப்பிப் பதினோரு நாள் காத்திருந்த பிறகு பதில் வந்தது: மெஷினில் ஒன்றுமில்லை, டிப் கண்ணாடிதான்.

டிப்பில், அதாவது வாய்க்குள் போகும் முனையில், கட்டைவிரல் நகம் மாதிரி ஒரு கண்ணாடி. ஒளி அதில் பட்டுத் திரும்பித்தான் பல்லில் விழுகிறது. எங்கள் போர் தண்ணியில் டிப்பை அலசி, கிருமி போக்க 134 டிகிரி நீராவி ஆட்டோகிளேவில் வைத்தால், வெந்நீர்க் குண்டாவில் பிடிக்கிற அதே வெள்ளை உப்பு அதிலும் பிடிக்கும். டியூப்லைட்டில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். அழுத்தித் துடைத்தால் கீறல். இத்தனை தடவைதான் ஆட்டோகிளேவ் என்று டிப்புக்கு ஆயுள் கணக்கு வேறு. மூன்று வருடமாக என் பாதிக் கோபத்தைத் தின்றது இந்தக் கண்ணாடிதான். இப்போது அலசுவதற்கென்றே டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் பாதி இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் போகிறது என்பது தனிக்கதை.

அந்தப் பதினோரு நாளும் புட்டிதான். டப்பாவில் போட்டிருக்கும் நேரம் 23 டிகிரிக்கு உரியது. சித்திரையில் இங்கே கரண்ட் போனால், புட்டியோடு சேரும் இளக்கமான லைட் பாடி மாவைப் பல்லைச் சுற்றிப் பாய்ச்சி முடிப்பதற்குள் இறுக ஆரம்பித்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துச் சமாளித்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் லேடெக்ஸ் கையுறையோடு பிசைந்துவிட்டாள். கையுறையில் இருக்கும் கந்தகம் பட்டதில் புட்டி இறுகவே இல்லை, பிசுபிசுவென்று நின்றது. தப்பு என்னுடையது, சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்தது, பல்லுக்கு மேல் மாட்டும் கேப் செய்கிற லேபுக்கு அளவை அனுப்பும் பஸ் பார்சல். கோயமுத்தூர் லேபிலிருந்து சாயங்காலம் போன்: "மார்ஜின்ல குமிழ் விழுந்துருக்குதுங்க டாக்டர்." மார்ஜின் என்பது வெட்டிய பல்லில் கேப் வந்து உட்காரும் ஓரம். பேஷண்ட் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

ஸ்கேனரில் அந்தக் குறை ஆள் நாற்காலியை விட்டு எழும் முன்பே திரையில் தெரிந்துவிடும். அந்த இடத்தை மட்டும் அழித்து மறுபடி எடுத்தால் போதும். நான் வெட்டிய பல்லை அவ்வளவு பெரிதாகப் பார்த்த முதல் மாதம் எனக்கே வெட்கமாக இருந்தது. அதன்பிறகு கை கொஞ்சம் திருந்தியது. அளவு எடுக்கும்போதெல்லாம் ஓங்கரிக்கிற ஒரு ஆத்தா, "ஏனுங் சாமி, மாவு வெக்கலீங்களா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் நம்பினார்.

ஆனால் இது கண், கை இல்லை. ஈறுக்குக் கீழே இறங்கிய மார்ஜினில் துளி ரத்தம் நின்றாலும் பல்லுக்குப் பதில் ரத்தத்தைத்தான் படம் பிடிக்கும். சின்ன ஓட்டையாக இருந்தால் சாஃப்ட்வேர் தானே வழவழப்பாக மூடிவிடும். பார்க்க அழகு, கேப் உட்காராது. லைட் பாடியாவது கொஞ்சம் உள்ளே நுழையும். ஈறை ஒதுக்கும் கார்டு நூல் இரண்டுக்கும் வேண்டும். அந்த வேலை மிச்சம் என்று விற்கிறவர் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். பல பற்களைச் சேர்த்துக் கட்டி முழுத் தாடைக்குப் போகும் நீளப் பிரிட்ஜுக்கு நான் இன்னமும் புட்டிதான். துண்டு துண்டாக எடுத்த படங்களை ஒட்டிக்கொண்டே போகையில் பிசகும் சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு கேப், மூன்று பல் பிரிட்ஜ் என்றால் யோசிக்கவே மாட்டேன்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லிவிட்டு, "வாங்காத மாப்ள, அந்தக் கண்ணாடியோட உன்னால மாரடிக்க முடியாது" என்றேன்.

"செரி, அப்ப உன்னுத எனக்குக் குடுத்துரு. பாதி வெலை தர்றேன்."

"என்னுத எதுக்குடா குடுக்கறேன்? நாளைக்கு நாலு கேப் இருக்குது."