அஸ்பாராஜினேஸ்: சாதா ஊசியா, பெக் ஊசியா, எர்வினியாவா?

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படும் ஏ.எல்.எல். (அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா) சிகிச்சையில் அஸ்பாராஜினேஸ் தவிர்க்க முடியாத மருந்து. அஸ்பாராஜின் என்ற அமினோ அமிலத்தை உடம்பின் பெரும்பாலான செல்கள், அஸ்பாராஜின் சிந்தடேஸ் என்ற நொதியைக் கொண்டு தாங்களே தயாரித்துக்கொள்ளும். ஏ.எல்.எல். செல்களில் அந்த நொதி மிகக் குறைவு. ரத்தத்தில் வரும் அஸ்பாராஜினை நம்பித்தான் அவை வளர்கின்றன. ஊசியில் போகும் அஸ்பாராஜினேஸ் அதை உடைத்துவிட்டால் புரதம் தயாரிக்க வழியில்லாமல் மடிகின்றன. சிந்தடேஸைக் கூடுதலாகத் தயாரிக்கத் தொடங்கும் செல்களோ மருந்துக்குத் தப்பிவிடக்கூடும்.

சாதா மருந்து ஈ. கோலை பாக்டீரியாவிலிருந்து வருவது. அதே நொதியோடு பாலிஎத்திலீன் கிளைக்காலை இணைத்தால் பெக். எர்வினியா வேறொரு பாக்டீரியாவின் நொதி. ரத்தத்தில் பாதியாகக் குறைய சாதாவுக்கு ஒன்றேகால் நாள், எர்வினியாவுக்குச் சுமார் 16 மணி நேரம், பெக்குக்கு ஐந்தாறு நாள். அதனால்தான் பல சிகிச்சைத் திட்டங்களில் சாதா, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 6,000 யூனிட் வீதம் வாரம் மூன்று முறை. பெக் 2,500 யூனிட், இரண்டு ஊசிகளுக்கு நடுவே குறைந்தது 14 நாள்.

குப்பி விலையில் சாதாதான் மலிவு. ஆனாலும் கைக்கு எட்டுமானால் பெக்கையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ரத்தத்தில் நொதியின் செயல்பாடு மில்லிலிட்டருக்கு 0.1 யூனிட்டுக்குக் குறையாமல் நிற்கிறதா என்பதே இங்கே தீர்மானிக்கும் கேள்வி. உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கி நொதியை முடக்கும்போது தடிப்போ மூச்சிரைப்போ வந்தால் கண்டுபிடித்துவிடலாம். எந்த அறிகுறியும் இல்லாமல் முடங்கும்போதுதான் ஆபத்து: குழந்தை நன்றாக இருக்கும், ஊசியும் தொடரும், பலன் மட்டும் இருக்காது. அமெரிக்காவில் நடந்த சி.சி.ஜி. 1962 ஆய்வில் (1962 ஆய்வின் எண், ஆண்டல்ல), சாதா பெற்ற குழந்தைகளில் 26 சதவீதத்தினருக்கு எதிர்ப்பொருள் அதிகமாக இருந்தது. பெக் பெற்றவர்களில் 2 சதவீதம்தான். சிகிச்சையின் முதல் கட்டத்தில் ஒன்பது சாதா ஊசிகளின் இடத்தில் ஒரே பெக் ஊசி போதுமானதாக இருந்ததும் அதே ஆய்வில்தான்.

இந்தியாவில் விற்கும் சில சாதா தயாரிப்புகளின் தரம் திருப்தியாக இல்லை என்று 2021இல் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. ஆகவே சாதாதான் கிடைக்கிறது என்றால், அடுத்த ஊசிக்கு முன் நொதி அளவைப் பார்ப்பது கட்டாயம். பெக்குக்கு, ஊசி போட்ட 7ஆம், 14ஆம் நாள். அஸ்பாராஜினை அளந்து பார்ப்பது நம்பகமானதல்ல. எடுத்த ரத்தத்தில், குழாய்க்குள்ளேயே நொதி அதைத் தொடர்ந்து உடைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வாமை வராமலிருக்க முன்கூட்டியே ஸ்டீராய்டு, ஆன்டிஹிஸ்டமின் கொடுத்தால் அறிகுறி மறையுமே தவிர, முடக்கம் நிற்காது. அப்போது அளவுப் பரிசோதனை இன்னும் அவசியம்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. பெக் குப்பியில் 3,750 யூனிட். 0.7 சதுர மீட்டர் குழந்தைக்கு 1,750 போதும். அதே அளவுள்ள இரண்டு குழந்தைகளுக்கு ஒரே நாளில் தேதி வைத்து, கிருமியற்ற மருந்தகப் பிரிவில் பிரித்தால் ஒரு குப்பியே போதும். குலுக்கக் கூடாது, உறைந்துபோனதைப் பயன்படுத்தக் கூடாது, 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். தசையில் 2 மில்லிக்கு மேல் போனால் இரண்டு இடங்களில் போடவும். போட்ட பிறகு ஒரு மணி நேரம் கண்காணிப்பு.

பெக்கின் குறை, போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. கணைய அழற்சியோ ரத்தக் கட்டோ வந்தால் மருந்து வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கும். கடுமையான கணைய அழற்சிக்குப் பிறகு மூன்றில் எதையும் தரக் கூடாது. 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு அதிகம். அங்கே அளவைக் குறைத்தே தருகிறார்கள், சரியான அளவு எது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவில்லை.

சாதாவுக்கு ஒவ்வாமை வந்தவருக்குப் பெக்கை மாற்றிக் கொடுப்பது பெரும்பாலும் வீண். நொதி ஒன்றே என்பதால் எதிர்ப்பொருள் அதையும் பிடிக்கும். எர்வினியாவுக்கு வேலை அங்கேதான். ஒரு பெக் ஊசிக்கு ஈடாக, சதுர மீட்டருக்கு 25,000 யூனிட் வீதம் ஆறு ஊசிகள், திங்கள், புதன், வெள்ளி. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே உள்ள 72 மணி நேரத்தில் அளவு சரிவதுதான் சிக்கல். மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாராகும் புதிய மறுசேர்க்கை எர்வினியாவில் திங்கள், புதன் சதுர மீட்டருக்கு 25 மில்லிகிராமும் வெள்ளியன்று 50 மில்லிகிராமும் தருவது அதற்காகவே.