முறுக்குக்கு லேப் ரிப்போர்ட்: தஞ்சாவூரா, சென்னையா, ஏஜென்டா?

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் லைசென்ஸ் எடுத்துப் பலகாரம் போடுகிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரக்கைப் பரிசோதித்து, அந்த ரிப்போர்ட்டை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லைசென்ஸ் தளமான ஃபோஸ்கோஸில் ஏற்ற வேண்டும். மார்ச் 31, செப்டம்பர் 30 என்று கெடு. கெடு கழுத்தை நெரிக்கும்போதுதான் ‘எந்த லேப்பில் சீக்கிரம் கிடைக்கும்’ என்று போன் வரும்.

எந்த லேப்பாக இருந்தாலும் ஒரு அளவுக்கு மேல் அவசரப்படுத்த முடியாது. பூஞ்சை, ஈஸ்ட் எண்ணிக்கைக்குச் சாம்பிள் இட்ட கண்ணாடித் தட்டை 25 டிகிரியில் ஐந்து நாள் வைத்த பிறகுதான் எண்ண முடியும். மொத்த பாக்டீரியாவுக்கு 72 மணி நேரம். சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இல்லை என்று உறுதியாகச் சொல்லவும் சில நாள் ஆகும். இரண்டே நாளில் எல்லாம் கைக்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால், எதுவும் முளைக்கும் முன்பே எண்ணி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்!

ஆகவே வித்தியாசம் எல்லாம் சாம்பிள் போய்ச் சேரும் நாளிலும் காகிதம் நகரும் நாளிலும்தான்.

தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம்மின் லேப் நமக்குப் பக்கம், புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது. காலையில் வண்டியில் போய் நேரில் கொடுத்துவிட்டு, எந்தச் சோதனை வேண்டும், எந்தப் பெயரில் ரிப்போர்ட் வேண்டும் என்று பேசித் தீர்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம். பொதுவாக அரசு நிறுவனம் என்றால் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும், விடுமுறை நாட்களையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சென்னையில் உள்ள பெரிய தனியார் லேப்களின் பலம் வேறு. பூச்சிக்கொல்லி எச்சம், கன உலோகம், பூஞ்சையில் உண்டாகும் நஞ்சான அஃப்லாடாக்சின் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துக்கொள்ளலாம், ஆன்லைனில் நிலவரமும் பார்க்கலாம். மசாலாப்பொடி போடுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. மிளகாய்த்தூளில் மொத்த அஃப்லாடாக்சின் ஐரோப்பாவுக்குக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது, நம் ஊரில் 30 வரை விடுவார்கள், அதனால் எந்த நாட்டு அளவுக்குப் பார்க்க வேண்டும் என்று சோதனைக் கோரிக்கைப் படிவத்திலேயே எழுதிக் கொடுக்காவிட்டால் ரிப்போர்ட் வந்த பிறகு மறுபடி காசு கட்ட வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை கூரியரில் போட்டது திங்கள்கிழமைதான் பிரிக்கப்படும் என்பதையும் மறக்காதீர்கள். அதிரசமாக இருந்தால் அந்த இரண்டு நாளே வம்பு.

அப்புறம் ஏஜென்ட். ‘ஆச்சி, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, ரிப்போர்ட் நாங்க ஏத்திடுறோம்’ என்பார்கள். காகித வேலைக்கு நேரமில்லாதவர்களுக்கு ஓரளவு உதவிதான், நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சரக்கு எந்த லேப்புக்குப் போகிறது என்று கேட்டால் மழுப்புகிறவரிடம் கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு சீப்புச் சீடைக்காரருக்கு வந்த ரிப்போர்ட்டில், லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் முத்திரையே இல்லை. விசாரித்தால், கேட்ட சோதனை அந்த லேப்பின் அங்கீகாரப் பட்டியலிலேயே கிடையாதாம். மொத்தமும் மறுபடி முதலிலிருந்து.

இந்தப் பட்டியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும், விலையை அப்புறம் பேசலாம். என்ஏபிஎல் தளத்தில் லேப்பின் பெயரைப் போட்டால், எந்தப் பொருளில் எந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்று வரிவரியாக இருக்கும். இல்லாத சோதனையை வேறு லேப்புக்கு அனுப்பி வாங்குவார்கள், முக்கால்வாசித் தாமதம் அங்கேதான்.

14 நாளில் ரிப்போர்ட் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது உணவுப் பாதுகாப்பு அதிகாரி கடையில் வந்து எடுத்துப் போகும் சாம்பிளுக்கு உணவுப் பகுப்பாய்வாளர் கொடுக்க வேண்டிய கெடு. நாம் காசு கட்டி அனுப்புவதற்குப் பொருந்தாது.

என் கணக்கு இதுதான்: முறுக்கு, தேன்குழல், சீடை வகையறாவின் வழக்கமான சோதனைக்குத் தஞ்சாவூர், மசாலாவுக்கும் ஏற்றுமதிக்கும் சென்னை, ஏஜென்டிடம் ஏற்றுகிற வேலையை மட்டும் கொடுக்கலாம். எதுவானாலும் செப்டம்பர் கெடுவுக்கு ஆடியிலேயே சாம்பிளை அனுப்பிவிடுங்கள். ஆவணி தாண்டினால் லேப்பில் கூட்டம், அடுப்படியில் தீபாவளி ஆர்டர்.