குருகிராம் சம்மிட்டா, கே.கே. நகர் மீட்டப்பா? அஃபிலியேட் செய்கிறவர்களுக்கு எது லாபம்

மிக்ஸி, கிரைண்டர், குக்கர் என்று தமிழில் ரிவ்யூ எழுதி, அதில் வைக்கும் லிங்க் வழியாக யாராவது வாங்கினால் வரும் கமிஷனில்தான் (இதைத்தான் அஃபிலியேட் என்கிறோம்) எங்கள் வீடு ஓடுகிறது. மதுரையில் இதே தொழிலில் இருக்கிற நாங்கள் சிலர் அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகரில் ஒரு காபிக் கடையில் கூடுவோம். அந்தப் பக்கம், இணையத் தொழில் சங்கமான ஐ.ஏ.எம்.ஏ.ஐ. தில்லி பக்கத்துக் குருகிராமில் நடத்தும் இந்தியா அஃபிலியேட் சம்மிட் என்ற மாநாடு. இரண்டுக்கும் போனவன் என்ற முறையில் சொல்கிறேன், காசு சேர்த்தாவது குருகிராமுக்கு ஒரு தடவை போய் வாருங்கள்.

செலவில் இரண்டும் பக்கத்திலேயே வராது. இங்கே டீ காசு போதும். அங்கே சம்பர்க் கிராந்தி ரயிலில் தில்லி நிஜாமுதீன் வரை இரண்டு இரவு, அப்புறம் குருகிராம் ஓட்டல் வாடகை. மேடைப் பேச்சுகளுக்காக யாரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

உள்ளூர்க் கூட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. கமிஷனுக்குப் பிடிக்கும் டிடிஎஸ் 2024 அக்டோபரில் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக இறங்கியது, ஜிஎஸ்டி எப்போது எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் நம் ஆட்கள் பொறுமையாக, தமிழில் சொல்லித் தருவார்கள். ஆனால் அந்த மேசையைச் சுற்றி இருக்கிற எல்லாருமே பப்ளிஷர்கள், அதாவது என்னைப் போல லிங்க் போட்டு விற்றுத் தருகிறவர்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வாங்க ஒரு ஆளும் வராமல் மல்லிகை விற்கிறவர்கள் மட்டும் கூடியிருப்பது மாதிரி. கமிஷனைக் கூட்டித் தரவோ, நின்றுபோன பணத்தை விடுவிக்கவோ அங்கே யாராலும் முடியாது.

என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான்: சிக்கல் வந்தால் பேச ஒரு அஃபிலியேட் மேனேஜர், அதாவது பிராண்டின் தரப்பில் நம் கணக்கைக் கவனிக்கிறவர், இருக்கிறாரா? ஆர்டர் விழுந்ததும் டாஷ்போர்டில் 'பென்டிங்' என்று நிற்கும். ரிட்டர்ன் காலம் முடிந்து, விளம்பரதாரர் சரிபார்த்த பிறகுதான் பணம். பிராண்டுகளுக்கும் நமக்கும் நடுவில் நிற்கும் ஒரு நெட்வொர்க்கில், ஒரு பிராண்டின் ஆர்டர்களுக்கு எனக்கு வரிசையாக 'ரிஜெக்டெட்' வந்துகொண்டிருந்தது. மெயில் போட்டால் ஒரே மாதிரி பதில். சம்மிட்டில் அந்தப் பிராண்டின் மேனேஜரிடம் போனில் அந்த வரிசையைக் காட்டினேன். அவர் அங்கேயே லேப்டாப்பைத் திறந்து ஆர்டர் எண்களைப் போட்டுப் பார்த்தார். என் ரிவ்யூவைப் படித்து உள்ளே போனவர்கள், பணம் கட்டும் நேரத்தில் கூப்பன் தேடிப் போயிருக்கிறார்கள். கடைசி கிளிக் கூப்பன் தளத்துடையது, அதனால் கமிஷனும் அதற்கே. இதற்கு மருந்து ஒன்றுதான், உங்கள் பெயரிலேயே ஒரு கூப்பன் கோடு. அதை யார் பயன்படுத்தினாலும், கடைசி கிளிக் யாருடையதாக இருந்தாலும், விற்பனை உங்கள் கணக்கில் ஏறும்படி அவர்களால் அமைத்துத் தர முடியும். முகம் தெரியாத சின்னத் தமிழ்த் தளத்துக்கு மெயிலில் கேட்டு அது கிடைப்பது கஷ்டம். நேரில் கேட்டேன், கிடைத்தது.

இன்னொன்று, அங்கே நாமும் வெறுங்கையோடு உட்காரவில்லை. தில்லியில் இருக்கிறவர்களுக்கு தீபாவளி தெரியும், ஆடித் தள்ளுபடியும் தை, ஆவணி முகூர்த்தத்துக்கு வாங்கும் சீர் சாமான்களும் அவ்வளவாகத் தெரியாது. எந்த மாதம் கிரைண்டர் ரிவ்யூவுக்குக் கூட்டம் ஏறுகிறது என்ற கிராஃபைக் காட்டினால், பேச்சு நம் பக்கம் திரும்பிவிடும். இந்தி இல்லாமல் சமாளிக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாக, சுமாரான ஆங்கிலம் போதும்.

வருமானம் முழுக்க அமேசானிலிருந்து மட்டும் வருகிறது என்றால் நான் சொன்னது பொருந்தாது. அங்கே பொருள் வகைக்கு ஏற்ப விகிதம் முன்பே முடிவானது, குக்கி ஆயுள் (கிளிக் நம் பெயரில் நிற்கும் நேரம்) 24 மணி நேரம், நம் அளவு ஆட்கள் உட்கார்ந்து பேரம் பேச ஒன்றும் இல்லை. அவர்களுக்கு கே.கே. நகரே போதும். பாங்காக்கில் நடக்கும் அஃபிலியேட் வேர்ல்டுக்கு நான் போனதில்லை. போய்வந்த நண்பர்கள், விளம்பரத்துக்குப் பணம் போட்டு டிராஃபிக் வாங்குகிறவர்களுக்கான இடம் அது என்கிறார்கள். எழுதிப் பிழைக்கிற நமக்கு அது எவ்வளவு உதவும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

போவதென்றால் முதலில் உங்கள் நெட்வொர்க்கில் யார் யார் வருகிறார்கள் என்று கேட்டு, கிளம்பும் முன்பே சந்திக்க நேரம் வாங்கிவிடுங்கள். ரிஜெக்ட் ஆன ஆர்டர்களின் பட்டியலை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஹாலில் சிக்னலை நம்ப முடியாது.